கொலராடோவில் மான் வேட்டை: .270 வின்செஸ்டரா, 6.5 கிரீட்மோரா?

அஸ்தம்பட்டி:
தம்பி டென்வர்ல வேலையில இருக்கான், எச்-1பி விசா. இந்த சீசன்ல மியூல் டியர்ங்கிற மான் வேட்டைக்குப் போக ஒரே ஒரு ரைபிள் வாங்கப் போறான். மரமில்லாத புல்வெளியில 300 கெஜம் வரைக்கும் சுட வேண்டி வருமாம். அதனால குண்டு வேகமா, வளையாம நேரா போகணும்னு சொல்றான். கடையில .270 வின்செஸ்டர்னு சொல்றாங்க, ஆபீஸ் நண்பர்கள் 6.5 கிரீட்மோர்னு சொல்றாங்க, ரெண்டும் தோட்டா வகையாம். அவனுக்கு சேலத்துல கிளப்புல .22-ங்கிற சின்னத் தோட்டா ரைபிள் மட்டும்தான் சுட்டுப் பழக்கம். எதை வாங்கச் சொல்லட்டும்?

கஞ்சமலை:
.270 வாங்கச் சொல்லுங்க. அது 1925-ல வந்தது, .30-03ங்கிற பழைய தோட்டாவோட கழுத்தைச் சுருக்கி .277 அங்குலக் குண்டு பொருத்தினது. (தோட்டான்னா முழுசும், குண்டுன்னா அதுல பறந்து போற முனை மட்டும்.) 130 கிரெயின் (குண்டோட எடை அளவு) குண்டு வினாடிக்கு 3060 அடி வேகத்துல கிளம்பும்.

உங்க தம்பி கேக்குற "நேரா போறது"க்கு அர்த்தம் இதுதாங்க: ரைபிளை 250 கெஜத்துல ஜீரோ பண்ணிட்டா, அதாவது அந்தத் தூரத்துல குறி வெச்ச இடத்துலேயே குண்டு படுற மாதிரி ஸ்கோப்பைச் சரி பண்ணிட்டா, 100 கெஜத்துல குண்டு இரண்டரை அங்குலம் மேல படும், 150-ல கிட்டத்தட்ட மூணு அங்குலம் மேல, 300-ல மூணு அங்குலம் கீழ. மானோட நுரையீரல் இருக்கிற இடம் எட்டு அங்குலத்துக்குக் குறையாது. ஆக 300 கெஜத்துக்குள்ள எங்க நின்னாலும் நெஞ்சு நடுவுல குறி வெச்சாப் போதும், கணக்கே வேண்டாம். மான் தலையைத் தூக்கிப் பாத்துட்டா அஞ்சு செகண்டுல மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிடும். அந்த நேரத்துல ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்து அளந்து, ஸ்கோப் டயலைத் திருகிட்டு இருக்க முடியாதுங்க.

திருமணிமுத்தாறு:
அண்ணா, அதே கணக்கை 6.5 கிரீட்மோருக்கும் போட்டுப் பாருங்க. 143 கிரெயின் குண்டு, 2700 அடி வேகம். மேல மூணு, கீழ மூணு அங்குலம்ங்கிற உங்க விதிப்படியே அது சுமார் 275 கெஜம் வரைக்கும் போகுது. .270-க்கு 300. மொத்த வித்தியாசம் 25 கெஜம்!

ரெண்டையும் 200 கெஜத்துல ஜீரோ பண்ணினா, 300-ல .270 ஆறரை அங்குலம் இறங்குது, 6.5 எட்டு அங்குலம். ஒன்றரை அங்குலம்தான் வித்தியாசம். .22-ல பழகின ஆளு, வெட்டவெளியில, மூச்சு வாங்கிட்டு, பை மேல சாய்ச்சு சுடும்போது 300 கெஜத்துல அவரோட கை நடுக்கமே அதைவிட அதிகமா இருக்கும்.

அந்த ஒன்றரை அங்குலத்துக்குக் கொடுக்கிற விலை தோள்ல விழுற உதை. எட்டு பவுண்டு ரைபிள்ல .270 உதைக்கிறது சுமார் 17 அடி-பவுண்டு (ஆற்றல் அளவு), 6.5 சுமார் 12. புதுசா சுடுறவங்க கெட்டுப்போறது இங்கதான். பத்துப் பதினைஞ்சு தோட்டா சுட்டதும் உடம்பு உதையை எதிர்பாக்க ஆரம்பிக்கும். விரல் ட்ரிகரை மெதுவா அழுத்தாம வெடுக்குனு இழுக்கும், கண்ணு தானா மூடும். ஒரு தடவை இந்தப் பழக்கம் ஒட்டிக்கிட்டா அதைக் கழட்டுறது பெரும்பாடு.

இன்னொண்ணு. குண்டு எவ்வளவு இறங்கும்னு அட்டவணையைப் பாத்தா தெரிஞ்சுடும். காத்து எவ்வளவு தள்ளும்னு எந்த அட்டவணையும் அந்த நேரத்துல சொல்லாது. மணிக்கு 10 மைல் பக்கக்காத்துல 400 கெஜத்துல .270-ன் சாதா 130 கிரெயின் குண்டு 12 அங்குலத்துக்குக் கிட்ட விலகும், நீளமான 6.5 குண்டு 10 அங்குலம். கொலராடோ சமவெளியில காத்து நிக்கவே நிக்காது.

கஞ்சமலை:
தம்பி, காத்து விஷயத்துல நீங்க தோட்டாவை ஒப்பிடலை, குண்டை ஒப்பிடுறீங்க. .270-லயும் 145 கிரெயின் நீளக் குண்டு கடையில கிடைக்குது, 2970 அடி வேகம். அதைப் போட்டா விலகல் உங்க 6.5 அளவுக்கே வந்துடும், வேகமும் கையில இருக்கும்.

திருமணிமுத்தாறு:
ஒத்துக்கறேன் அண்ணா, அந்தக் குண்டுல வித்தியாசம் போயிடும். ஆனா அதுக்கு மேல போக முடியாது. பழைய .270 பேரல் எல்லாம், குண்டு 10 அங்குலத்துக்கு ஒரு சுத்து சுழல்ற மாதிரி உள்பக்கம் முறுக்கு வெட்டினது. அதைவிட நீளமான குண்டைப் போட்டா போதுமான சுழற்சி கிடைக்காம தள்ளாடும். 6.5 ஆரம்பத்துலேயே 8 அங்குலத்துக்கு ஒரு சுத்து. கனமான குண்டுக்குன்னே வடிவமைச்சது. உதையைப் பத்தி நீங்க இன்னும் பதில் சொல்லலையே.

கோரிமேடு:
வேகம்தான் வேணும்னா எதுக்குப் பாதியில நிக்கணும்? .257 வெதர்பி மேக்னம் 100 கிரெயின் குண்டை 3500 அடிக்கு மேல தள்ளும். இல்லேன்னா 7எம்எம் ரெமிங்டன் மேக்னம், 150 கிரெயின், 3110 அடி. அதுல கனமும் இருக்கு.

கஞ்சமலை:
அதெல்லாம் முதல் ரைபிளுக்கு ஆகாதுங்க. வெதர்பிக்கு 26 அங்குல பேரல் வேணும், சின்ன பேரல்ல அந்த வேகம் வராது. வெடிமருந்து முழுசா எரியறதுக்குள்ள குண்டு வெளியே போயிடும், சத்தமும் தீப்பிழம்பும்தான் மிச்சம். தோட்டா விலையும் ஜாஸ்தி. விலை ஜாஸ்தின்னா பழகுறது குறையும், பழகாம மான் முன்னாடி போய் நிக்கக் கூடாது. .270 தோட்டா சின்ன ஊர்க் கடையில கூட இருக்கும்.

உதைக்கு வர்றேன். எட்டு பவுண்டுக்குக் குறைஞ்ச ரைபிள் வாங்க வேண்டாம், தோள்ல படுற பின்கட்டையில நல்ல ரப்பர் மெத்தை போட்டது எடுக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தோட்டாவுக்கு மேல சுடக் கூடாது. மிச்சப் பழக்கம் எல்லாம் .22-லயும், வெறும் துப்பாக்கியில ட்ரிகர் அழுத்தியும் பண்ணட்டும். 17 அடி-பவுண்டு வளர்ந்த ஆளுக்குத் தாங்க முடியாததில்லை.

சேர்வராயன்:
இருவரும் தூரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். 60 கெஜத்தில் மான் எழுந்து நின்றால் என்ன ஆகும்? 3060 அடியில் கிளம்பிய குண்டு அங்கே இன்னும் 2900 அடி வேகத்தில் இருக்கும். மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம் வைத்த சாதாரணக் குண்டு, அந்த வேகத்தில் முன்னங்கால் சப்பை எலும்பில் பட்டால் சிதறிவிடும். ஒரு பக்கத்துச் சப்பைக் கறி முழுவதும் இரத்தம் கட்டி வீணாகும். மோசமானால் குண்டு உள்ளே போகாமல் மேலேயே உடைந்து, மான் அடிபட்டு ஓடும். வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறவர் குண்டையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்: முழுச் செம்புக் குண்டு, அல்லது ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த குண்டு. முழுச் செம்புக் குண்டு மலர்வதற்கு, அதாவது பட்டதும் முனை விரிவதற்கு, மானைத் தொடும்போது 2000 அடிக்குக் குறையாத வேகம் இருப்பது நல்லது. அந்த வகையில் .270 சாதகம்தான், 400 கெஜத்திலும் அந்த வேகம் இருக்கும். குறி சப்பைக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 காலிபர், 70 கிரெயின் எடையுள்ள, மலரக்கூடிய குண்டு, 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல், 16 அங்குல பேரல் வேண்டும். பேசப்பட்ட எல்லாமே தேறும். ஆனால் எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். ஏதாவதொரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. ஆகவே ரைபிளை முதலில் வாங்கக் கூடாது. முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புச் சான்று, அடுத்து உரிமம், அதன் பிறகே கடை. உரிமம் முடியும் தேதியைக் கவனிக்க வேண்டும். மான் உரிமம் அங்கே குலுக்கல் முறை, விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். காட்டில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு ஆடையும் அதே நிறத் தொப்பியும் கட்டாயம்.

இதைப் படிக்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: இவ்வளவும் அங்கே செல்லும், இங்கே செல்லாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குள் வந்து நிற்கிற மானையோ காட்டுமாட்டையோ நோக்கித் துப்பாக்கியைத் தூக்குவதே சிறைக்கு வழி.

அஸ்தம்பட்டி:
உரிமம் விஷயம் சத்தியமா தெரியாதுங்க ஐயா, இன்னைக்கு ராத்திரியே போன் பண்ணிச் சொல்றேன். இன்னொரு சந்தேகம்: டென்வர்ல ஜீரோ பண்ணிட்டு மலைக்கு மேல போனா குண்டு மாறிப் படுமா?

சேர்வராயன்:
டென்வர் கிட்டத்தட்ட நம் சேர்வராயன் கோயில் உச்சியின் உயரம், 1600 மீட்டர் சொச்சம். அங்கிருந்து 2700 மீட்டருக்கு ஏறினால் காற்று லேசாகும், குண்டு சற்று மேலே படும். 300 கெஜத்தில் அது ஓர் அங்குலத்துக்கும் குறைவு, கவலை வேண்டாம். சரிவுதான் ஏமாற்றும். சரிவாக அளக்கிற தூரம் கிடைமட்டத் தூரத்தைவிட அதிகம், குண்டு இறங்குவதோ கிடைமட்டத் தூரத்தைப் பொறுத்தது. 30 டிகிரி சரிவில் ரேஞ்ச்ஃபைண்டர் 350 கெஜம் காட்டினால், குண்டு இறங்குவது 303 கெஜத்துக்கு உண்டான அளவே. 350 என்று நினைத்துக் குறியை உயர்த்தினால் குண்டு நினைத்த இடத்துக்கு மேலே படும். ஏற்றமானாலும் இறக்கமானாலும் இதே கணக்கு.

திருமணிமுத்தாறு:
நான் இன்னும் 6.5-ன்னுதான் சொல்வேன். முதல் வருஷம் 250 கெஜத்துக்கு மேல சுட மாட்டேன்னு தம்பி ஒரு எல்லை வெச்சுக்கிட்டா, கஞ்சமலை அண்ணா சொல்ற வேகத்தோட லாபம் எதுவுமே அவருக்குத் தேவைப்படாது. உதை குறைவுங்கிற லாபம் ஒவ்வொரு தோட்டாவுலயும் கிடைக்கும்.

கஞ்சமலை:
250-னு எல்லை வெச்சுக்கிட்டா 6.5 போதும், அதுல சண்டை இல்லைங்க. ஆனா 290 கெஜத்துல நிக்கிற மானை 250-னு கண்ணால தப்பா மதிப்பிடுறது எல்லாருக்கும் நடக்கும். அந்தத் தப்பை .270 மன்னிக்கும். நான் வேகம் கேக்குறது அதுக்குத்தான்.

எதை வாங்கினாலும் ஸ்கோப்பைப் பிடிச்சிருக்கிற ரிங்கோட ஸ்க்ரூவை டார்க் ரெஞ்ச் (முறுக்குற பலத்தை அளக்குற ஸ்பேனர்) வெச்சு, ரிங் கம்பெனி சொன்ன அளவுக்கே முறுக்கட்டும். ஜீரோ ஓடிப்போச்சுன்னு புலம்புறதுல பாதி லூஸ் ஸ்க்ரூதான். வேட்டைக்குக் கொண்டு போற அதே பெட்டித் தோட்டாவுலயே ஜீரோ பண்ணணும், வேற கம்பெனி தோட்டா 100 கெஜத்துலேயே ரெண்டு அங்குலம் தள்ளிப் படலாம். பேரல் சூடாயிருக்கும்போது ஓட்டைங்க நெருக்கமா விழுறதைப் பாத்து சந்தோஷப்படக் கூடாது. மான் மேல போறது எப்பவும் ஆறின பேரலோட முதல் குண்டு. அதனால ஒரே அட்டையை வெச்சுக்கிட்டு, நாலு வேற வேற நாள் காலையில முதல் தோட்டாவை மட்டும் அதுல சுடச் சொல்லுங்க. அந்த நாலு ஓட்டையும் எங்க விழுதுன்னு பாத்துட்டு டயலைத் தொடட்டும்.