ஈஆர்பி திட்டம்: டேட்டாவைச் சுத்தம் செய்ய யாரை உட்கார வைப்பது?

ஆலைப்பக்கம்:

வணக்கம். வாடிக்கையாளர் தரப்பில் ப்ராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். நடுத்தர அளவு உற்பத்தி நிறுவனம். கணக்குக்கு ஒரு பழைய மென்பொருள், கிடங்குக்கு இன்னொன்று, கொள்முதலுக்கு வேறொன்று, இவற்றுக்கு நடுவில் எண்ணிலடங்காத எக்செல் கோப்புகள். எல்லாவற்றையும் ஒரே ஈஆர்பிக்கு, அதாவது எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான ஒரே மென்பொருளுக்கு, கொண்டுபோகிறோம். கான்ஃபிகரேஷன், அதாவது மென்பொருளை எங்களுக்கு ஏற்ப அமைப்பது, ஓரளவு ஒழுங்காகத்தான் போகிறது, சிக்கல் டேட்டாவில்.

முதல் மாக் லோடில் (டேட்டாவை ஏற்றிப் பார்க்கும் ஒத்திகையில்) சப்ளையர் மாஸ்டரில், அதாவது சப்ளையர்களின் அடிப்படை விவரப் பட்டியலில், பாதிக்கு மேல் எர்ரர் அடித்துத் திரும்பிவிட்டது. ஒரே சப்ளையர் மூன்று நான்கு பெயர்களில் இருக்கிறார். ஒரே போல்ட் கொள்முதலில் கிலோவாகவும் கிடங்கில் எண்ணிக்கையாகவும் இருக்கிறது. ஈஆர்பியை நிறுவித் தரும் கம்பெனியான இம்ப்ளிமென்டேஷன் பார்ட்னரைக் கேட்டால் "டெம்ப்ளேட் கொடுத்தாயிற்று, நிரப்பித் தருவது உங்கள் பொறுப்பு" என்கிறார், ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் நிர்வாகமோ கீ யூசர்கள் (ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இந்தத் திட்டத்துக்கென்று பொறுப்பு கொடுத்த ஊழியர்கள்) அன்றாட வேலையை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் இதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று முடிவெடுத்துவிட்டது. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுக்கு மதியத்துக்கு மேல் என்று ஒன்று கிடையவே கிடையாது.

இப்போது பார்ட்னர் தனிக் கட்டணத்துக்கு டேட்டா கன்சல்டன்ட்களைத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? இன்னொன்று, கணக்குப் பிரிவு பத்து வருட வவுச்சர்களும் புது சிஸ்டத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறது. இதை அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

கட்ஓவர்காவல்:

நண்பரே, நீங்கள் டேட்டா பிரச்சினை என்று எழுதியிருப்பது ஆள் பிரச்சினை.

கன்சல்டன்ட் என்ன செய்வார்? பழைய சிஸ்டத்திலிருந்து எடுப்பார், வடிவம் மாற்றுவார், லோடு செய்வார், எர்ரர் பட்டியலை உங்களுக்கு அனுப்புவார். அந்தப் பட்டியலில் ஒரே சப்ளையர் மூன்று வரியாக இருந்தால் எதை வைப்பது எதை எடுப்பது என்று அவரால் சொல்ல முடியாது. ஒரு வரி வேறு வங்கிக் கணக்குக்காகத் திறந்ததாக இருக்கலாம், இன்னொன்று வேறு ஊர்க் கிளைக்குத் தனி வரிப் பதிவு எண் இருப்பதால் வேண்டுமென்றே பிரித்து வைத்ததாக இருக்கலாம், மூன்றாவது மட்டும் யாரோ தேடிப் பார்க்காமல் புதிதாகத் திறந்த வெறும் நகலாக இருக்கலாம். இது அந்த சப்ளையருக்கு மாதா மாதம் பணம் அனுப்புகிறவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவரை நீங்கள் வேலையிலிருந்து விடுவிக்காதவரை எத்தனை கன்சல்டன்ட் வந்தாலும் எல்லாரும் அவருடைய பதிலுக்குக் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள், மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால் ஒவ்வொரு பிரிவிலும் "அவரை மட்டும் கேட்காதீர்கள், அவர் இல்லாவிட்டால் வேலை நடக்காது" என்று யாரைச் சொல்கிறார்களோ அவரைத்தான் கேளுங்கள். முழு நேரமாகக் கேளுங்கள், அவருடைய அன்றாட வேலைக்குத் தற்காலிக ஆளை நிர்வாகம் போடட்டும். வெளியாளுக்குச் செலவழிக்கப்போகும் பணத்தை அங்கே போட்டால் அதே பணம் பல மடங்கு வேலை செய்யும். முக்கியமாக, இந்த இரண்டும் ஒன்று, இது வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றால் கோ-லைவ் (புது சிஸ்டம் நிஜப் பயன்பாட்டுக்கு வரும் நாள்) வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பார்.

அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட் கனடாவில் பட்டது தெரிந்திருக்கும். 2013 மார்ச்சில் கடை திறந்தார்கள், 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். காரணங்கள் பல உண்டு, ஆனால் பெரிய காரணங்களில் ஒன்று புதிதாகப் போட்ட எஸ்ஏபி என்ற ஈஆர்பி சிஸ்டத்தில் இருந்த பொருள் டேட்டா. அவசரத்தில் அனுபவம் குறைந்த இளம் ஊழியர்களை வைத்து உள்ளீடு செய்திருக்கிறார்கள். சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம், அகலம் இருக்க வேண்டிய இடத்தில் உயரம். அந்த டேட்டாவில் சுமார் 30 சதவீதம்தான் சரியாக இருந்தது, அமெரிக்கப் பிரிவில் அது 98, 99 சதவீதம் என்று பின்னால் செய்தியில் வந்தது. அமெரிக்காவிலும் அதே கம்பெனிதான். பொருளைப் பற்றித் தெரிந்தவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் ஒரு முக்கிய வித்தியாசம். உங்கள் போல்ட் கிலோவா எண்ணிக்கையா என்பதும் இதே ரகம்தான், எம்ஆர்பி (உற்பத்திக்கு எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும் என்று சிஸ்டம் போடும் கணக்கு) ஓடும் அன்றுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

பேரேட்டுப்புள்ளி:

நான் கணக்குப் பக்கத்து ஆள், எனவே இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பத்து வருட வவுச்சரைக் கொண்டுவராதீர்கள். பழைய வவுச்சர் பழைய கணக்குத் தலைப்புகளில், பழைய வரி விதிகளில் போட்டது. புது சிஸ்டத்தின் கட்டமைப்புக்குள் அதை நுழைக்க ஒவ்வொன்றுக்கும் எந்தப் பழைய தலைப்பு எந்தப் புதுத் தலைப்புக்குப் போகும் என்று மேப்பிங் போடவேண்டும், அந்த மேப்பிங் சரியா என்று பார்க்கவும் கட்ஓவர்காவல் மேலே சொன்ன, ஒவ்வொரு பிரிவிலும் விடமாட்டேன் என்கிற அதே ஆட்கள்தான் வேண்டும். ஆட்கள் போதவில்லை என்னும் இடத்தில் ஆட்களை மிக அதிகமாகத் தின்பது இதுதான்.

கட்டாயம் வரவேண்டியவை தீராத பில்கள், அதாவது கொடுக்க வேண்டியதும் வரவேண்டியதும் பில் வாரியாக, பிறகு திறந்திருக்கும் ஆர்டர்கள், கையிருப்பு, நிலையான சொத்துகள், ஆரம்ப இருப்புகள். ஒப்பீட்டு அறிக்கை வேண்டுமென்றால் கடைசி ஓரிரு வருடத்தின் மாத இருப்பை மட்டும் மொத்தத் தொகையாக ஏற்றுங்கள். மற்றதெல்லாம் பழைய சிஸ்டத்தில் படிக்க மட்டும் அனுமதியோடு கிடக்கட்டும், ஆவணங்களை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்ற உங்கள் சட்ட விதியை ஆடிட்டரிடம் கேட்டு அதுவரை அதை அணைக்காதீர்கள். உங்கள் கணக்குப் பிரிவு பத்து வருடம் கேட்பது பெரும்பாலும் ஆடிட் வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில்தான். பழைய சிஸ்டம் எங்கேயும் போகாது என்று எழுதிக் கொடுத்தால் பிடிவாதம் பாதி இறங்கிவிடும்.

அப்புறம் எக்செல். டெம்ப்ளேட்டில் எண்ணைச் சும்மா ஒட்டினாலே முன்னால் இருக்கும் பூஜ்யங்களை விழுங்கிவிடும், 15 இலக்கத்துக்கு மேல் உள்ள வங்கிக் கணக்கு எண்ணின் மீதி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும், தேதியில் நாளையும் மாதத்தையும் மாற்றிப்போடும். எண் வரும் பத்திகளை எல்லாம் முதலிலேயே டெக்ஸ்ட் என்று பூட்டிவிடுங்கள். வரி எண்ணிக்கையையும் ஒவ்வொரு கட்டத்திலும் சரிபாருங்கள், எடுத்தது எத்தனை, ஏறியது எத்தனை, திரும்பியது எத்தனை என்று. 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பில் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு 65,536 வரிகளோடு நின்றுவிட்டதால் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் வராமல் போயின, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவதும் தாமதமானது. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் போதாது, டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குத் தலைப்புகளின் இருப்புப் பட்டியல்), வயது வாரியான பாக்கி (எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்பது), கையிருப்பு மதிப்பு மூன்றும் பழையதோடு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும், அதில் கையெழுத்துப் போடுகிறவர் நிதித் தலைவராக இருக்க வேண்டும், ஐடி ஆள் அல்ல.

வடிவமாற்றி:

நான் பார்ட்னர் தரப்பில் வேலை செய்கிறவன். கட்ஓவர்காவல் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். கன்சல்டன்ட்டே வேண்டாம் என்கிற அளவுக்குப் போகவேண்டாம். ஒருவரை வாங்குங்கள், ஆனால் டெம்ப்ளேட் நிரப்ப அல்ல. ஒரே வரி எண்ணோ ஒரே வங்கிக் கணக்கோ உள்ள சப்ளையர்களைக் கூட்டாகப் பிடித்துத் தருவது, விதிகளை ஸ்கிரிப்டாக எழுதி ஒவ்வொரு மாக்கிலும் திரும்ப ஓட்டுவது, இதெல்லாம் தெரிந்த ஆள் செய்தால் உங்கள் கீ யூசர் ஆயிரம் வரி பார்க்க வேண்டிய இடத்தில் சந்தேகமான நூறை மட்டும் பார்ப்பார். கையால் எக்செல்லில் திருத்தினால் அடுத்த மாக்கில் புதிதாக டேட்டா எடுக்கும்போது எல்லாத் திருத்தமும் போய்விடும். முடிந்தவரை பழைய சிஸ்டத்திலேயே திருத்துங்கள், முடியாததை விதியாக எழுதுங்கள்.

ஒப்பந்தம் போடும்போது வந்து பேசிய ஆட்கள்தான் வேலையிலும் இருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். முக்கிய ஆட்களின் பெயர், மாற்றுவதற்கு உங்கள் சம்மதம், ஒப்படைப்புக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் எழுத்தில் இல்லையென்றால் இப்போதாவது ஒப்பந்தத்தில் கூடுதல் வேலை சேர்க்கும் மாற்றக் கோரிக்கையோடு சேர்த்துக் கேளுங்கள். கூடுதல் பணம் கேட்டு அவர்கள் வரும் நேரம்தான் உங்களுக்குப் பேரம் பேச நல்ல நேரம்.

யாரும் சொல்லாத ஒன்று: இன்றைக்கும் உங்கள் பழைய சிஸ்டத்தில் புது சப்ளையர், புது பொருள் திறந்துகொண்டேதான் இருப்பார்கள். ஒருபக்கம் சுத்தம் செய்யச் செய்ய இன்னொரு பக்கம் சேரும். இனி புதிதாகத் திறக்க ஒரே ஒரு வாசல், ஒரே ஒரு பொறுப்பாளர் என்று இந்த வாரமே வையுங்கள். டெஸ்ட் சிஸ்டத்தில் சம்பள டேட்டாவை அப்படியே ஏற்றாதீர்கள், மறைத்து ஏற்றுங்கள், அங்கே யார் யாருக்கோ அனுமதி இருக்கும்.

ஆலைப்பக்கம்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கணக்குப் பிரிவிடம் பழைய சிஸ்டத்தை வைத்திருப்பது பற்றி நாளையே பேசுகிறேன். ஆனால் கிடங்குப் பொறுப்பாளரை முழு நேரம் விடவே மாட்டேன் என்கிறார் ஆலைத் தலைவர். அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

கட்ஓவர்காவல்:

வாக்குவாதம் செய்யாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். சரிசெய்ய வேண்டிய வரி எத்தனை, இப்போதைய வேகத்தில் வாரத்துக்கு எத்தனை முடிகிறது, அந்த வேகத்தில் போனால் எந்தத் தேதிக்கு முடியும் என்று ஒரே பக்கத்தில் திட்டத்தை மேற்பார்வையிடும் ஸ்டீரிங் கமிட்டி முன் வையுங்கள். ஆளைத் தருகிறீர்களா, கோ-லைவ் தேதியைத் தள்ளுகிறீர்களா என்று கேளுங்கள், பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். ஆள் தராமல் போனாலும் செலவு மிச்சமாகாது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம் 2022 ஏப்ரலில் ஆரக்கிள் என்ற ஈஆர்பிக்கு மாறியபின் வங்கிக் கணக்கு ஒத்துப்போகாமல் கையால் சரிசெய்ய வேண்டி வந்தது, அதற்கும் ஆட்கள் வேண்டியிருந்தார்கள். அங்கே கோளாறு வேறு என்றாலும், கோ-லைவுக்குப் பின் ஆள் தேடுவது என்ன விலை என்பதை ஆலைத் தலைவருக்குக் காட்ட அது போதும்.

அதோடு அவர்மேல் விழும் வேலையையும் குறையுங்கள். கடைசி இரண்டு வருடம் அசைவே இல்லாத, கையிருப்பும் திறந்த ஆர்டரும் இல்லாத பொருட்களை முதலில் வடிகட்டி ஒதுக்கிவிடுங்கள், இயந்திர உதிரி பாகங்களை மட்டும் ஒதுக்காதீர்கள், வருடக்கணக்கில் அசையாமல் கிடந்து ஒருநாள் திடீரென்று தேவைப்படும். மிஞ்சுகிற பட்டியலை எடுத்துக்கொண்டுபோய் ஆலைத் தலைவரிடம் காட்டினால் அவர் முதலில் பயந்த அளவுக்கு நாட்கள் கேட்கமாட்டீர்கள்.