செடிச் சந்தையில் பார்த்த ஒன்று இன்னும் மனசில் நிற்கிறதா? எழுதுங்கள்

பெர்லின்வாசி:
பெர்லின் டாலம் தாவரவியல் பூங்காவில் செப்டம்பர் தொடக்கத்தில் நடக்கும் ஸ்டவுடன்மார்க்ட் செடிச் சந்தையின் கூட்டம் போனவர்களுக்குத் தெரியும். அதை விடுங்கள். ஒரு கடையில் மரத்தட்டு நிறையக் கிழங்கு. மண் இல்லை, தண்ணீர் இல்லை, இலைகூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் இளஊதாப் பூ. பக்கத்தில் நின்ற அம்மா கணவரிடம், "ஏங்க, குங்குமப்பூங்க!" என்று தமிழில் சொல்லிக்கொண்டே உள்ளேயிருந்து ஓர் இழையைக் கிள்ளி வாயருகே கொண்டுபோனார். கடைக்காரப் பாட்டி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பேச்சே இல்லை. பென்சில் முனையால் பூவுக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டு ஆறு மகரந்தத் தாள்களை எண்ணிக் காட்டினார். குங்குமப்பூவில் மூன்றுதான். இது கொல்சிகம், விஷம். அப்படியும் அந்த அம்மா இரண்டு கிழங்கு வாங்கிக்கொண்டு போனார்! எந்த பால்கனியில், எந்தக் குழந்தை கைக்கெட்டும் உயரத்தில் நிற்கிறதோ?

ஒட்டன்சத்திரத்துக்காரன்:
இதற்கா இவ்வளவு பயம்? எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு ஏக்கர் கணக்கில் போடுகிறோம். செங்காந்தள்தான், நம் மாநிலப் பூ. அதிலும் இதே கொல்சிசின் விஷம்தான். விதையை மருந்துக்கு வாங்கிப் போகிறார்கள், கீல்வாதத்துக்குக் கொடுப்பார்களாம். பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைப்போம், பூச்சியை மட்டும் நம்பினால் காய் சரியாகப் பிடிக்காது. ஒருமுறை கார்க்காரர் ஒருவர் இறங்கிப் பூவோடு போட்டோ எடுத்துவிட்டு, "கிழங்கை வேகவைத்துச் சாப்பிடலாமா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் எங்கள் அப்பத்தா விளக்குமாற்றை எடுத்துவிட்டது.

டூலிப் அக்கா:
நானும் அதே சந்தைக்கு மழையில் போய் டூலிப் கிழங்கு வாங்கினேன், அவ்வளவுதான் என் கதை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டூலிப்பை வாங்கிய சூட்டோடு நடாதீர்கள். மண் குளிரட்டும், அக்டோபர் கடைசி, நவம்பர்கூடச் சரி. கிழங்கின் உயரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம், கூர்முனை மேலே. குளிர் பட்டால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். கொல்சிகம் அப்படியில்லை, உடனே நட வேண்டும். தட்டில் பூத்துக் காட்டுவது கிழங்கில் இருக்கிற சேமிப்பை வைத்துத்தான். இலை அடுத்த வசந்தத்தில்தான் வரும், அப்போதுதான் உண்மையான ஆபத்து. இந்த ஊர்க்காரர்கள் சாப்பிடக் காட்டில் பறிக்கிற பேர்லாவ்க் என்ற காட்டுப்பூண்டு இலை மாதிரியே இருக்கும். பூண்டு வாசம் பார்த்துப் பறிக்கலாம் என்பார்கள். நாலு இலை பறித்தபின் கையே பூண்டு வாசம் அடிக்கும், அப்புறம் எதை மோந்து என்ன? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. அப்புறம் அணில் தோண்டாமல் இருக்க மேலே கம்பிவலை...

பெர்லின்வாசி:
அக்கா, நான் எதையுமே வாங்கவில்லை. ஒட்டன்சத்திரத்தாரே, உங்கள் அப்பத்தா காவலுக்கு இருக்கிறது. அந்த பால்கனிக்கு யார் இருக்கிறார்கள்?

ஒட்டன்சத்திரத்துக்காரன்:
பாட்டி எண்ணிக் காட்டியதைப் பார்த்துவிட்டுத்தானே அந்த அம்மா வாங்கியது? அதற்குமேல் என்ன காவல்? சரி, அங்கே கிழங்கு ஒன்று என்ன விலை போகிறது?