விலங்கில் வென்ற அறுவை மனிதருக்குப் பொருந்துமா?

மேலூர் ஆசிரியை:
வணக்கம். மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். நாயிலோ முயலிலோ செய்து வெற்றி கண்ட அறுவை முறையை மனிதருக்கும் பொருந்தும் என்று எந்த அளவுக்கு நம்பலாம் என மாணவி ஒருத்தி கேட்டாள். அறம் பற்றிய விவாதம் வேறு. அறிவியல் மதிப்பை மட்டும் விளக்க வேண்டுகிறேன்.

கண் மருத்துவ முதுநிலை மாணவர், அண்ணா நகர்:
கண்ணையே எடுத்துக்கொள்வோம், அம்மா. கிட்டப்பார்வையைச் சரிசெய்ய, கருவிழியின் (கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலத்தின்) உட்புறத்திலும் கீறும் முறையை ஜப்பானில் சாட்டோ என்ற மருத்துவர் 1940களில் கையாண்டார். அது முயல்களில் சோதிக்கப்பட்ட முறைதான். ஆனால் முயலின் கருவிழி உள்ளடுக்குச் செல்கள் சேதமடைந்தால் மறுபடி பெருகும். மனிதருக்கு அவ்வாறு பெருகுவதில்லை. பல ஆண்டுகள் கழித்து நோயாளிகள் பலருக்குக் கருவிழியில் நீர் கோத்துப் பார்வை மங்கிப்போனது. இதற்கு மாறாக, நம் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் தயாரிக்கும் கண்புரை லென்ஸின் மூலக் கருத்து மனிதக் கண்ணிலிருந்தே கிடைத்தது. போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் என்ற, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கின் துணுக்குகள் பெரிய அழற்சியின்றித் தங்கியதைக் கவனித்த கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி, 1949இல் லண்டனில் அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து பொருத்தினார்.

கால்நடை மருத்துவர், உசிலம்பட்டி:
தம்பி சொல்வது சரியே. ஆனால் கருவிழியை வைத்து உடல் முழுவதையும் அளந்துவிடக் கூடாது. இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறையை விலங்குகளில் செம்மைப்படுத்திய அலெக்சிஸ் காரெல் 1912இல் நோபல் பரிசு பெற்றார். ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ் நாய்களில் பழகித் தேர்ந்த இரத்தக் குழாய் இணைப்பைத்தான் 1944இல் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக் நீலக் குழந்தைக்கு, அதாவது பிறவி இதயக் குறையால் உடல் நீலம் பாய்ந்த குழந்தைக்குச் செய்தார். தாமஸ் அருகே நின்று வழிகாட்டினார். தையல் தாங்குமா, குருதி ஓடுமா என்பதற்கு நாயின் உடல் தெளிவான விடை தரும்.

ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், கே.கே. நகர்:
வலி குறைந்ததா என்பதை மட்டும் நாயிடம் கேட்க முடியாது. நெஞ்சுவலிக்காக மார்பின் உட்புறத் தமனியைக் கட்டும் அறுவை ஒரு காலத்தில் பெரிதும் நம்பப்பட்டது. 1959இல் அமெரிக்காவில் 17 நோயாளிகளில் சிலருக்குத் தமனியைக் கட்டியும், மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறியும் ஒப்பிட்டபோது, இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு நிவாரணம் கிடைத்தது. மூட்டுத் தேய்மானத்துக்கான நுண்துளை அறுவையிலும் 2002இல், 180 பேரிடம், இதே முடிவுதான் வந்தது. எல்லா அறுவைக்கும் இப்படிப் போலி அறுவையோடு ஒப்பிட வேண்டியதில்லை. நீலக் குழந்தையின் உதடு சிவந்ததை யாரும் சிகிச்சை நடந்தது என்ற நம்பிக்கையின் விளைவு என்று சொல்ல முடியாது. நோயாளியின் சொல்லை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட அறுவைகளுக்குத்தான் மனிதச் சோதனை கட்டாயமாகிறது.