"போன தடவ உக்காரச் சொன்னியேம்மா"

தங்கச்சிமடத்திலிருந்து:

பதினோரு வருஷமாக மீனவக் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். ஜூன் 14 நள்ளிரவோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பும்போது ஊரே மூச்சு விடும். எனக்கு அன்றிலிருந்து விடியற்காலையில் போன் அடித்தாலே வயிறு கலங்கும். படகோடு ஆட்களைப் பிடித்துவிட்டார்கள் என்ற சேதி எனக்கு அந்த நேரத்தில்தான் வந்து பழக்கம்.

போன வருஷம் ஒரு அக்கா வந்தார். வீட்டுக்காரருக்கு இலங்கையில் மறுபடியும் காவலை நீட்டித்திருந்தார்கள். மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். ஜெராக்ஸ் கசங்கியிருந்தது. அதை உள்ளங்கையால் நீவி நீவி விட்டுக்கொண்டே அழுதார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாஸ்புக் முதல் பக்கம் எங்கக்கா?" என்றேன்.

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போன தடவ வந்தப்ப உக்காரச் சொன்னியேம்மா."

அவ்வளவு நேரமும் அவர் நின்றுகொண்டே இருந்திருக்கிறார்.

அன்று இரவு எனக்கு அழுகை வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பணிச்சோர்வை அளக்க 1981இல் ஓர் அளவுகோலை வெளியிட்ட உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகம் சொல்கிறார்: மனம் வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனுஷராகப் பார்க்காமல் கேஸாகப் பார்ப்பது, என்ன செய்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. முதலாவதும் மூன்றாவதும் நமக்கே உறைக்கும். நடுவில் இருப்பது அப்படி இல்லை. எனக்கு அது தெரியவேயில்லை, அந்த அக்காவுக்குத் தெரிந்தது.

உணர்வுசார் நுண்ணறிவு, அதாவது நம் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் புரிந்து நடப்பது, பற்றி ஆபீஸில் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல பயிற்சிதான். "இன்னிக்கு எனக்கு முடியல" என்று வாய்விட்டுச் சொல்ல அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு ஆள் எத்தனை குடும்பம் பார்க்கிறார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பணிச்சோர்வை நோயாக அல்ல, வேலையோடு வரும் நிலையாகத்தான் சேர்த்தது. வேலையிடத்தில் தீராத அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது என்றும் சொல்லிவிட்டது. அப்படியென்றால் என்னை மட்டும் மூச்சை இழுத்து விடச் சொன்னால் எப்படி?

ஏர்வாடிப் பக்கமிருந்து:

அக்கா, நான் மனநலம் பாதித்தவர்களின் வீட்டாரோடு வேலை செய்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில் சங்கிலியோடு கட்டிக்கிடந்த 28 பேர் இறந்த ஊர் இது. புதிதாக வருகிறவர்களிடம் அதைச் சொல்லித்தான் மருந்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். ஒருநாள் அதைச் சொல்லும்போது பஸ் நேரம் சொல்வதுபோல் என் குரல் இருந்ததைக் கவனித்தேன். வீட்டிலும் அப்படித்தான். மகள் பள்ளிக்கூடக் கதை சொல்வாள், நான் 'ம்' போடுவேன், ஒன்றும் காதில் ஏறாது. இப்போது சாயங்காலம் கடற்கரையில் பைக்கை நிறுத்திப் பத்து நிமிஷம் இருந்துவிட்டுப் போகிறேன். கொஞ்சம் தேவலை. உங்கள் ஆபீஸில் ஏதாவது மாறியதா?

தங்கச்சிமடத்திலிருந்து:

ஒன்று மாறியது தம்பி. வாரம் ஒருநாள் நாங்கள் நாலு பேர் கதவைச் சாத்திவிட்டு, ஃபைலைத் தொடாமல் பேசுகிறோம். மேஜைக்கு முன்னால் நாற்காலியை நானே போட்டு வைத்திருக்கிறேன். இன்னொரு ஆள் வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாயிற்று, பதில் இல்லை. திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்கப்போகிறேன்.