மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு நடை: பெசன்ட் நகரில் நடத்த உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். அதில் ஒரு ஞாயிறு காலை பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு நடை நடத்தலாம் என்று எங்கள் குடியிருப்புப் பெண்கள் முடிவு செய்திருக்கிறோம். சேரும் பணம் முழுக்க அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய இடம் அது.

முதலில் அனுமதி. காவல் துறையில் எத்தனை நாள் முன்னால் மனு கொடுக்க வேண்டும்? மாநகராட்சியிடம் தனியாகக் கேட்க வேண்டுமா? மாரத்தான் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள். பணத்தை எங்கள் கையில் வாங்க விருப்பமில்லை. நேரே மருத்துவமனைக் கணக்குக்கே போய், கொடுத்தவருக்கு ரசீது கிடைக்க வேண்டும்.

அப்புறம், எனக்கு இதுதான் முக்கியம். என் சித்தி கட்டி கையில் தட்டுப்பட்டும், "வலிக்கவே இல்லையே" என்று மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. இந்தியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோயே இதுதான். பிங்க் டீ-சர்ட் போட்டு நடந்துவிட்டுக் கலைந்தால் போதாது. கட்டி, தோல் சுருங்குவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தம் கசிவது என்று அறிகுறிகளைக் கூச்சமில்லாமல் தமிழில் பேச ஒரு பெண் மருத்துவர் வேண்டும். சிகிச்சை முடித்து மீண்டவர் யாராவது பேச முன்வந்தால் இன்னும் நல்லது.

பக்கத்திலேயே ஊரூர் ஆல்காட் குப்பம் இருக்கிறது. அங்குள்ள அக்காக்களும் வர வேண்டும். அவர்களோடு பழக்கமுள்ளவர்கள் தயவுசெய்து எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். நேரில் போய் அழைக்கிறோம்.