ஒற்றைத் தட்டா, ஒற்றைக் கிண்ணமா?

விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஒரே பெரிய பரப்பில் ஏந்தும் தொலைநோக்கியைக் குறிக்கும் ‘சிங்கிள் டிஷ்’ என்பதற்கு ‘ஒற்றைத் தட்டு’ என்று முன்வைக்கப்பட்ட சொல்லில் ‘ஒற்றை’ என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன், ‘தட்டு’தான் உறுத்துகிறது. தட்டு என்றதும் தட்டையான பரப்பே நினைவுக்கு வருகிறது. இக்கருவிக்கோ குழிவே உயிர். விண்ணிலிருந்து வரும் மிக மெலிந்த அலைகளை ஓரிடத்தில் குவிப்பது அதுதான்.

இணையாக வரும் அலைகளை ஒரு புள்ளியில் குவிக்கும் ‘பாரபோலா’ வளைவைச் சுட்டி ‘பரவளையத் தட்டு’ என்று திருத்தினாலும் பொருந்தாது. சீனாவின் குய்சோ மாகாணத்தில், சுண்ணாம்புக்கல் மலைகளுக்கிடையே இயற்கையாக அமைந்த பள்ளத்தில், 2016-இல் கட்டி முடிக்கப்பட்ட ஃபாஸ்ட் தொலைநோக்கியின் 500 மீட்டர் பரப்பு அடிப்படையில் கோளத்தின் ஒரு பகுதியே. நோக்கும் வேளையில், அதைத் தாங்கும் கம்பிவலையைக் கீழிருந்து இழுக்கும் 2,000-க்கும் மேற்பட்ட இயக்கிகள், வேண்டிய பகுதியை மட்டும் ஏறத்தாழ 300 மீட்டர் அகலப் பரவளையமாக வளைக்கின்றன. வான்பொருள் நகர நகர அப்பரவளையமும் பரப்பினுள் நகர்கிறது. புவெர்ட்டோ ரிகோவில் 1963-இல் திறக்கப்பட்டு 2020-இல் இடிந்து விழுந்த 305 மீட்டர் அரெசிபோ தொலைநோக்கியின் பரப்போ என்றும் கோளமாகவே இருந்தது. இவ்விரண்டுக்கும் பொதுவாக நிற்கக்கூடிய சொல் ‘கிண்ணம்’.

கிண்ணம் கையளவுப் பொருளாயிற்றே என்பர். பெயர் வடிவத்தையும் செயலையும் உணர்த்தினால் போதும். அளவை எண்கள் சொல்லும். கிண்ணம் ஏந்துவது, ஆகவே ‘கலெக்டிங் ஏரியா’வுக்கும் ‘ஏந்துபரப்பு’ என்ற சொல் தானே கிடைத்துவிடுகிறது. அரெசிபோவின் ஏந்துபரப்பு பெரிதாக இருந்ததால்தான், 1974-இல் வானியலாளர்கள் ஹல்ஸும் டெய்லரும், இன்னொரு விண்மீனோடு இணைந்து சுற்றும் துடிப்பு விண்மீனின் (‘பைனரி பல்சர்’) நலிந்த துடிப்புகளைப் பிடிக்க முடிந்தது. ஈர்ப்பலைகளுக்கு (‘கிராவிடேஷனல் வேவ்ஸ்’) முதல் மறைமுகச் சான்று அதிலிருந்தே வந்தது.

‘ஒற்றை’ என்பதை விட்டுவிடலாம் என்ற கருத்தை ஏற்க இயலாது. புனேக்கு வடக்கே உள்ள 30 கிண்ணங்களின் அணியான ஜி.எம்.ஆர்.டி. என்ற தொலைநோக்கி நுண்விவரங்களைப் பிரித்துக் காட்டும். ஆனால் வானில் அகலப் பரந்து கிடக்கும் ஹைட்ரஜன் முகில்கள் வெளியிடும் 21 செ.மீ. நீள அலையில் ஒரு பங்கு, கிண்ணங்களுக்கு இடையேயுள்ள இடைவெளி காரணமாக, இத்தகைய அணிகளுக்குத் தப்பிவிடும். ஒற்றைக் கிண்ணம் அதையும் சேர்த்து ஏந்தும். ஆகவே அச்சொல் எண்ணிக்கையோடு ஆய்வுமுறையையும் குறிக்கிறது.

‘ரேடியோ’ என்பதற்கு ‘வானொலித் தொலைநோக்கி’ என்பதில் வரும் ‘வானொலி’ என்ற முன்னொட்டு, இக்கருவி ஒலியைக் கேட்கிறது என்ற தவறான எண்ணத்தை மாணவரிடம் விதைக்கிறது. வருவது ஒளியின் இனத்தைச் சேர்ந்த மின்காந்த அலை. எனவே என் பரிந்துரை ‘ஒற்றைக் கிண்ண வானலைத் தொலைநோக்கி’. ஃபாஸ்டில் ஆறு கம்பிவடங்களில் தொங்கும் குவிந்த அலைகளைப் பெறும் கருவிகள் அடங்கிய, ஏறத்தாழ 30 டன் ‘ஃபீட் கேபின்’ பகுதிக்கு ‘ஏற்பிக்கூடு’ எனலாம் என்று கருதுகிறேன். இதனினும் செறிவான சொல் இருப்பின் அதையே கொள்ளலாம்.