இன்னும் செய்யாத கருவிக்கு முழுப் பணமும் கட்டலாமா?

செம்பனை_சிப்புட்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் சிறுதோட்டம் வைத்திருக்கும் எட்டுப் பேர் சேர்ந்து, ஆளுக்கு மூன்றாக 24 மண் ஈர உணரிகள் வாங்கப் பார்க்கிறோம். ஒன்று 310 வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் 7,440. விற்பது கோலாலம்பூரில் ஒரு சிறு கம்பெனி. பொருள் இன்னும் இல்லை, கணினியில் வரைந்த படம்தான் இருக்கிறது. முழுப் பணமும் கட்டினால்தான் வேலையைத் தொடங்குவார்களாம், ஆறு மாதத்தில் கைக்கு வருமாம். கட்டலாமா? எவ்வளவு கொடுத்தால் நியாயம்?

மின்பலகை:
முழுப் பணம் வேண்டாம் அண்ணே. அவர்களுக்கே செலவு ஒரே நாளில் வருவதில்லை. பிளாஸ்டிக் கூட்டுக்கு அச்சு வெட்டத் தொடங்கும்போது வழக்கமாகப் பாதி, முதல் மாதிரி தேறிய பிறகு மீதி. மின்சுற்றுப் போர்டு பொருத்தும் தொழிற்சாலைகளும் பெரும்பாலும் 30 விழுக்காடு முன்பணம், அனுப்புமுன் 70 என்றுதான் கேட்கும். தொழிற்சாலை அவர்களிடம் கேட்காததை அவர்கள் உங்களிடம் ஏன் கேட்க வேண்டும்? அச்சின் விலை 24 கருவிக்கும் ஒன்றுதான், 2,000 கருவிக்கும் ஒன்றுதான். அதை உங்கள் பணத்தில் வெட்டினால், பங்கே இல்லாமல் முதல் போட்டவர்கள் ஆகிவிடுவீர்கள்.

படத்தை நம்ப வேண்டாம். புதுப் பொருள்களுக்கு மக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளமே 2012இல் வன்பொருள் திட்டங்களுக்கு நிஜம்போல் வரைந்த படங்களைத் தடைசெய்தது. ஓடும் மாதிரி ஒன்றை வாங்கி இரண்டு வாரம் மண்ணில் புதைத்துப் பாருங்கள். மின்தேக்க வகை (கெப்பாசிட்டிவ்) உணரியில் முதலில் கெடுவது போர்டின் வெட்டு விளிம்பு. பூச்சில்லாவிட்டால் அதன் வழியே ஈரம் ஏறும், பிறகு மண் காய்ந்தாலும் ஈரம் என்றே காட்டும். விளிம்பிலும் மேலே உள்ள சில்லுகளிலும் எபாக்சி என்ற நீர்புகாப் பிசின் பூசியிருக்க வேண்டும். உங்கள் தோட்டத்து மண்ணையே காயவைத்தும் நனைத்தும் அளவைத் திருத்தாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

அளவைத் தொலைதூரத்துக்கு அனுப்பும் லோரா ரேடியோ அதில் இருந்தால் அலைவரிசையையும் கேளுங்கள். 868 மெகாஹெர்ட்ஸ் ஐரோப்பாவுக்கு. நமக்கு 920ஐ ஒட்டியது. மலேசியத் தர நிறுவனமான சிரிமின் சான்றும் வேண்டும். அதற்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் ஆறு மாதக் கணக்கு தள்ளிப்போகலாம்.

பட்டறை_ஈப்போ:
விற்பவர் பக்கமும் பார்க்க வேண்டும். வாங்கிய சில்லுகளைத் திருப்பித் தர முடியாது. 50 வெள்ளி அச்சாரம் கொடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் எட்டுப் பேரும் வேண்டாம் என்றால் சின்னக் கம்பெனி தாங்காது. மாதிரி தேறியதும் 30 விழுக்காடு, அதைத் திரும்பக் கேட்பதில்லை என்று எழுதியே கொடுங்கள். முதல் தொகுதி சோதனையில் தேறியதும் இன்னொரு 30. மீதி 40 விழுக்காடு, பொருள் கைக்கு வந்ததும். உங்கள் கணக்கில் 2,232, 2,232, 2,976 வெள்ளி.

கணக்குப்பிள்ளை:
எட்டுப் பேருக்கும் தனித்தனி பில் போடச் சொல்லுங்கள், ஆளுக்கு 930 வெள்ளி. காரணம் இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றம் 5 வெள்ளிக் கட்டணத்தில் 50,000 வரை விசாரிக்கும், ஆனால் சொந்த, வீட்டு உபயோகப் பொருளுக்குத்தான். விளைச்சலை விற்கும் தோட்டத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடினால் உங்கள் மனு நிற்காது. அப்போது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை, பாரம் 198. வக்கீல் தேவையில்லை, ஆனால் வரம்பு 5,000. ஒரே பில்லில் 7,440 என்றால் அந்த வழியும் அடைபடும்.

வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் போகும் எஃப்பிஎக்ஸ், டூயிட்நவ் வழியாகக் கட்டாதீர்கள். போன பணத்தைத் திருப்ப அவற்றில் கிரெடிட் கார்டுக்கு இருப்பது போன்ற வழி இல்லை. விசா கார்டில், பொருள் வரவில்லை என்றால் வாக்களித்த தேதியிலிருந்து 120 நாளுக்குள் வங்கியிடம் முறையிடலாம். அதனால் பில்லில் 'விரைவில்' என்று எழுதினால் ஏற்காதீர்கள், தேதி இருக்க வேண்டும்.

செம்பனை_சிப்புட்:
தேதியைத் தள்ளிப்போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாமா ஐயா?

கணக்குப்பிள்ளை:
ஒருமுறை பரவாயில்லை, எழுத்தில் வாங்குங்கள். ஆனால் எத்தனை முறை தள்ளினாலும், பணம் கட்டி 540 நாள் தாண்டினால் விசா வழி மூடிவிடும். முதல் தவணை கட்டும் நாளை நாட்காட்டியில் குறித்து, வாக்களித்த தேதியிலிருந்து 120 நாள் முடியுமுன், எப்படியும் 500ஆவது நாளைத் தாண்டாமல், பொருள் இல்லையென்றால் மேற்கொண்டு பேசாமல் வங்கிக்குப் போய்விடுங்கள்.